கதவு திறந்திருந்தும் ஏன் வெளியே வரவில்லை?

மாணவர்களே, வகுப்பில் ஒருவன் கொஞ்சம் விநோதமாக நடந்துகொண்டால் உடனே என்ன சொல்கிறோம்? "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்!" நீங்கள் சொல்லியிருப்பீர்கள். உங்கள் அப்பாவும் தம் பள்ளிக் காலத்தில் சொல்லியிருப்பார். பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு அருகே இருக்கும் ஓர் ஊரின் பெயர் நாடு முழுவதும் கேலிச் சொல்லாகிவிட்டது. 1911ஆம் ஆண்டில் அங்கு ஒரு மனநல மருத்துவமனை திறக்கப்பட்டதுதான் காரணம். இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. பஹாகியா என்ற மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள்.

அந்தக் கேலிக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. 'அங்கே இருப்பவர்கள் எல்லாரும் அடைபட்டுக் கிடக்கிறார்கள். கதவைத் திறந்துவிட்டால் ஒரே ஓட்டமாக ஓடி வந்துவிடுவார்கள்' என்ற எண்ணம். ஆனால், பல நாடுகளில் மனநல மருத்துவர்கள் கண்டது வேறு. மருந்தால் நோய் அடங்கிவிட்டது. "நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்று மருத்துவரே சொல்கிறார். ஆனாலும், பல்லாண்டுகள் மருத்துவமனையில் இருந்தவர்களில் பலர், "வேண்டாம் ஐயா, நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்" என்கிறார்கள்.

ஏன் அப்படி? அவர்களுடைய நோய்தான் அப்படிப் பேச வைக்கிறதா? அல்லது அதே இடத்தில் நீங்களும் நானும் இருந்தால் நாமும் அப்படித்தான் சொல்வோமா? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

மருந்து வருவதற்கு முன்னும் பின்னும்

நீண்டகாலம் மருத்துவமனையில் தங்க நேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது மனச்சிதைவு நோய். இல்லாத குரல்கள் காதில் கேட்பது, யாரோ தனக்குத் தீங்கு செய்யப் போகிறார்கள் என்று உறுதியாக நம்புவது ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றோடு இன்னொரு வகை அறிகுறிகளும் உண்டு. பேச்சு குறையும், ஆர்வம் வடியும், எதையும் தொடங்கத் தோன்றாது. முதல் வகை எல்லார் கண்ணுக்கும் தெரியும். இரண்டாம் வகையைப் பார்ப்பவர்கள் 'சோம்பேறி' என்று சொல்லிவிடுவார்கள். பொதுவாக இந்த நோய் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. வேலை, திருமணம் என்று வாழ்க்கை சூடு பிடிக்கும் வயது அது.

1950கள் வரை இதற்குச் சரியான மருந்து இல்லை. பெரிய மருத்துவமனைகளைக் கட்டி, நோயாளிகளை ஊரிலிருந்து பிரித்து வைப்பதே வழக்கமாக இருந்தது. 1952இல் பாரிஸ் நகர மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் செயலைத் தணிக்கும் மருந்து இது. குரல்கள் அடங்கின, அச்சம் குறைந்தது. இனி மருத்துவமனைகள் காலியாகிவிடும் என்று பலர் நினைத்தார்கள். அப்போதுதான் முன்பு யாரும் கேட்காத கேள்வி எழுந்தது: போகலாம் என்றால், இவர்கள் போக விரும்புகிறார்களா?

ஒரு பெரியவரைக் கற்பனை செய்வோம்

இந்தக் கேள்வியை நம் வட்டாரத்தில் வைத்துப் பார்ப்போம். இங்கே வரும் பெரியவர் கற்பனை மனிதர். ஆனால் அவரைச் சுற்றி நடப்பவை கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் அறிந்தவை.

ஆண்டு 1978. இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே 22 வயது பால் வெட்டுத் தொழிலாளி ஒருவருக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்குகின்றன. தூக்கம் போகிறது. விடியற்காலைப் பெரட்டுக்குப் போவது நிற்கிறது. வீட்டார் முதலில் மாரியம்மன் கோயில் பூசாரியிடம் போகிறார்கள். பிறகு தோட்டத்து டிரசரிடம். கடைசியில் அவர் தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போகிறார்.

அம்மா மாதம் ஒரு முறை பார்க்க வருகிறார். ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பயணம், நாலைந்து பேருந்து மாற வேண்டும். தோட்டத்தில் நாள் கூலி, ஒரு நாள் போனால் அன்றைய சம்பளமும் போகும். மாதம் ஒரு முறை என்பது தீபாவளிக்கு ஒரு முறை என்றாகிறது. பிறகு அம்மா இறந்துபோகிறார். ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்படுகிறது. லயன் வீடுகள் இடிக்கப்படுகின்றன. அண்ணன் குடும்பம் ஏதோ ஒரு தாமானுக்குக் குடிபோய்விடுகிறது.

இப்போது அவருக்கு வயது 70ஐ நெருங்குகிறது. நோய் அடங்கி எத்தனையோ காலமாகிவிட்டது. "வெளியே போக விருப்பமா?" என்று கேட்டால் தலையை ஆட்டி மறுக்கிறார்.

அந்தத் தலையாட்டலுக்குள் என்னென்ன இருக்கின்றன? ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

காரணம் 1: முடிவெடுக்கும் பழக்கம் மங்கிவிடுகிறது

இன்று காலை எழுந்ததிலிருந்து நீங்கள் எத்தனை முடிவுகள் எடுத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இன்னும் ஐந்து நிமிடம் தூங்கலாமா, எந்தச் சட்டை, நாசி லெமாக்கா ரொட்டி சானாயா, முதலில் எந்தப் பாடம்? ஒரு மணி நேரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு முடிவுகள் ஆகியிருக்கும்.

பழைய பாணி மனநல விடுதியில் இவை எல்லாவற்றையும் வேறொருவர் முடிவு செய்துவிடுவார். எழும் நேரம், குளிக்கும் நேரம், சாப்பாடு, உடை, விளக்கணைக்கும் நேரம் எல்லாம் முன்பே வகுக்கப்பட்டவை. ஒரு வாரம் அப்படி இருந்தால் அது ஓய்வு. முப்பது ஆண்டுகள் அப்படி இருந்தால்? கட்டுப் போட்டு அசையாமல் வைத்த கையின் தசை மெலிந்துவிடுவது போல, முடிவெடுக்கும் பழக்கமும் மெலிந்துவிடும்.

1959இல் ரஸ்ஸல் பார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைத் தனி நோயாகவே விவரித்து ஒரு நூல் எழுதினார். விருப்பு வெறுப்பு இல்லாமல் போவது, சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது, நாளையைப் பற்றி நினைக்காமல் இருப்பது ஆகியவற்றை அவர் அதன் அறிகுறிகளாகச் சொன்னார். மனச்சிதைவு நோய்க்கு மேல், மருத்துவமனை வாழ்க்கையே தந்த இரண்டாவது நோய் இது. இதை 'நிறுவனவயப்படுதல்' என்கிறோம்.

மூளை அறிவியல் இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. 1967இல் அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களைக் கொண்டு செய்த ஒரு சோதனை புகழ்பெற்றது. தாம் என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பல, பின்னர் எளிதாகத் தாண்டித் தப்பக்கூடிய பெட்டியில் விடப்பட்டபோதும் தப்ப முயலாமல் படுத்துவிட்டன. 'நாம் என்ன செய்தாலும் பயனில்லை' என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று அன்று விளக்கினார்கள்.

இதில் சுவையான திருப்பம் என்னவென்றால், அதே இருவரும் 2016இல், கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் கழித்து, தங்கள் விளக்கத்தைத் தாங்களே திருத்தினார்கள். நீண்ட துன்பத்தின்போது முயற்சியைக் கைவிடுவது கற்றுக்கொண்ட செயலன்று, அது மூளையின் இயல்பான முதல் எதிர்வினை என்றார்கள். 'என் கையில் ஏதோ இருக்கிறது, நான் செய்தால் மாறும்' என்பதைத்தான் மூளை அனுபவத்தால் கற்றுக்கொள்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி அதைக் கற்றுக்கொண்டு, கைவிடும் எதிர்வினையை அடக்குகிறது. நம் பெரியவருக்கு இதில் நல்ல செய்தி உண்டு. கற்றுக்கொள்ளும் பொருள் என்றால், அதை மறுபடியும் கற்றுக்கொடுக்கலாம் அல்லவா?

காரணம் 2: வெளியுலகம் மாறிவிட்டது

நம் பெரியவர் உள்ளே போனபோது கைப்பேசி கிடையாது, வங்கி அட்டை கிடையாது. சம்பளம் கையில் காசாக வந்தது. அவருக்குத் தெரிந்த ஒரு வெள்ளி நாணயத்தை 2005ஆம் ஆண்டோடு மீட்டுக்கொண்டார்கள், இன்று அது கடையில் செல்லாது. 2001இல் மைகார்டு வந்தது. பல பேருந்துகளில் இப்போது காசு வாங்குவதே இல்லை, அட்டையைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

ஒரு டீ வாங்கிக் குடிப்பதற்கே இத்தனை புதுச் செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். தடுமாறினால் பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். நாம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டதை எல்லாம் அவர் ஒரே நாளில் எதிர்கொள்ள வேண்டும். "வேண்டாம்" என்று அவர் சொல்வதில் வியப்பென்ன?

காரணம் 3: மறுபடியும் வந்துவிடுமோ என்ற அச்சம்

நோய் உச்சத்தில் இருந்த நாள்களை அவர் மறந்திருக்க மாட்டார். அந்தக் குரல்கள் திரும்ப வந்தால் நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது? விடுதியில் என்றால் தாதியர் அறை பத்தடி தூரத்தில் இருக்கிறது. மருந்து வேளைக்கு வருகிறது. முகத்தைப் பார்த்தே, "என்ன, இன்றைக்குச் சரியில்லையா?" என்று கேட்கும் ஒருவர் இருக்கிறார். கதவுக்கு வெளியே போவது என்றால் இந்தப் பாதுகாப்பு வலையை விட்டுவிட்டுப் போவது. நீச்சல் தெரியாதவர் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை.

காரணம் 4: மனத்துக்குள் ஒட்டிக்கொண்ட முத்திரை

நாம் தொடக்கத்தில் பார்த்த கேலி இங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது. நோயாளியும் இதே நாட்டில், இதே கேலியைக் கேட்டு வளர்ந்தவர்தானே! நோய் வருவதற்கு முன் அவரே அதைச் சொல்லிச் சிரித்திருப்பார். பிறகு அந்தச் சொல் தம்மீதே விழும்போது, 'நான் அப்படிப்பட்டவன்' என்று நம்பத் தொடங்குகிறார். உளவியலில் இதைச் 'சுயகளங்கம்' என்கிறார்கள். மற்றவர்களின் வெறுப்பை மனிதன் தனக்குள்ளே வாங்கிக்கொண்டு, தன்னைத் தானே ஒதுக்கிக்கொள்வது.

இதன் விளைவு விநோதமானது. யாரும் விரட்டுவதற்கு முன்பே அவர் ஒதுங்கிவிடுவார். வேலை கேட்கமாட்டார், கோயில் திருவிழாவுக்குப் போகமாட்டார். அண்ணன் மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் தாம் அங்கே இருந்தால் சம்பந்தம் தட்டிப்போகுமே என்று நினைப்பார். விடுதிக்குள் எல்லாரும் ஒன்றே. அங்கு அவர் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் 5: போவதற்கு வீடு எங்கே?

"வீட்டுக்குப் போகலாம்" என்ற வாக்கியத்தில் வீடு என்று ஒன்று இருப்பதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். நம் பெரியவரின் வீடு ஒரு லயன். அந்த லயனும் இல்லை, அந்த ரப்பர்க் காடும் இல்லை. கோலசிலாங்கூர் முதல் உலு சிலாங்கூர் வரை இதே கதைதான். மலேசியாவில் முதன்முதலாக வணிக முறையில் செம்பனை பயிரிடப்பட்டதே நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917ஆம் ஆண்டில். பின்னர் ரப்பர் இருந்த இடமெல்லாம் செம்பனை ஆனது. செம்பனை இருந்த சில இடங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆயின. அவர் மனத்தில் இருக்கும் ஊருக்கு இன்று பேருந்து கிடையாது.

விடுதியிலோ பக்கத்துக் கட்டிலில் இருபது ஆண்டு நண்பர் ஒருவர் இருக்கிறார். சீனரோ மலாய்க்காரரோ, யாராக இருந்தாலும் அவர்தான் இன்று இவருக்கு உறவு. அவரை விட்டுவிட்டுத் தெரியாத தாமானில், முகம் தெரியாத அண்ணன் பேரப்பிள்ளைகளோடு இருப்பதா?

உங்கள் குடும்பத்திலேயே இதற்குச் சான்று கிடைக்கலாம். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு மாறிய நாளில், கூரை ஒழுகினாலும் பரவாயில்லை, லயனை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்த தாத்தாவோ பாட்டியோ உண்டா? அவர்களுக்கு எந்த மனநோயும் இல்லை. ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து, அதே மாமரத்தடியில் உட்கார்ந்து, அதே அடுத்த வீட்டு அக்காவோடு வெற்றிலை போட்டுப் பழகியவர்கள். இடத்தோடு மனம் வேர்விடுவது மனித இயல்பு.

அறிவியல் எப்படிச் சோதித்துப் பார்த்தது?

'இதெல்லாம் சரி, ஆனால் ஆர்வமின்மை நோயின் அறிகுறி என்று நீங்களே சொன்னீர்களே? எது நோய், எது மருத்துவமனை என்று எப்படிப் பிரிப்பது?' என்று நீங்கள் கேட்கலாம். மிக நல்ல கேள்வி.

இதற்கு விடை தேடி ஜான் விங், ஜார்ஜ் பிரவுன் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1960ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் மூன்று மனநல மருத்துவமனைகளை ஒப்பிட்டார்கள். மூன்றிலும் மனச்சிதைவு நோயோடு நீண்டகாலம் தங்கியிருந்த பெண்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோய் ஒன்று, மருத்துவமனைச் சூழல் மூன்று. உங்கள் அறிவியல் பாடத்தில் சொல்வது போல, ஒரு மாறியை நிலையாக வைத்து இன்னொன்றை மாற்றிப் பார்ப்பது போன்ற முறை.

நோயாளிக்கெனச் சொந்தப் பொருள்கள் எத்தனை, வெளியாரோடு தொடர்பு எவ்வளவு, ஒரு நாளில் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கும் நேரம் எவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள். சூழல் வறண்டிருந்த இடத்தில் நோயாளிகளின் ஒடுக்கமும் அதிகமாக இருந்தது. சூழல் மேம்பட்டபோது அவர்களும் மேம்பட்டார்கள். அந்த மேம்பாட்டோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து வந்தது எது தெரியுமா? ஒன்றுமே செய்யாமல் கழியும் நேரம் குறைந்தது! வெளியே போகும் விருப்பத்தையும் கவனித்தார்கள். தங்கிய ஆண்டுகள் கூடக்கூட அந்த விருப்பம் குறைந்துகொண்டே போனது.

ஆகவே, நோய்க்கும் பங்கு உண்டு. ஆனால் எல்லாப் பழியையும் நோயின் தலையில் போட முடியாது.

நம் பக்கத்திலேயே ஒரு பாடம்: சுங்கை பூலோ

இதைவிடத் தெளிவான சான்று கோலாலம்பூரிலிருந்து கோலசிலாங்கூருக்கு வரும் வழியிலேயே இருக்கிறது. சுங்கை பூலோவில் சாலையோரம் வரிசையாகப் பூச்செடிக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பகுதியில் 1930ஆம் ஆண்டில் தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. அன்றைய சட்டம் தொழுநோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைத்தது. சிறு சிறு வீடுகள், சந்தை, பள்ளி, வழிபாட்டு இடங்கள் என்று அது தனி ஊராகவே இருந்தது. அதற்குள் மட்டும் செல்லும் தனிப் பணம்கூட ஒரு காலத்தில் இருந்தது. அங்கே பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்ற பெயருக்குப் பின்னால் இந்தக் கண்ணீரும் உண்டு.

தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. 1940களின் இறுதியில் டாப்சோன் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் கூட்டு மருந்துகள் வந்தன. நோய் முற்றாகக் குணமானது, கட்டாயமும் போனது. ஆனாலும் குணமானவர்களில் பலர் போகவில்லை. அங்கேயே திருமணம் செய்து, செடி வளர்த்து விற்று, முதுமை வரை வாழ்ந்தார்கள்.

இங்கே கவனியுங்கள். இவர்களுக்கு மனச்சிதைவு நோய் கிடையாது. முடிவெடுக்கும் மூளைக்கு எந்தக் குறையும் இல்லை. இருந்தும் தங்கினார்கள். ஊரார் முகம் சுளிப்பார்களோ என்ற அச்சம், அறுந்துபோன உறவு, உள்ளே வளர்ந்த நட்பு என நாம் மேலே பார்த்த காரணங்களில் பல இங்கேயும் இருந்தன. நோய் வேறு, மனம் ஒன்றே.

இன்னொரு பாடமும் இதில் இருக்கிறது. சுங்கை பூலோவில் தங்கியவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அவர்களுக்கு வீடு, தோட்டம், தொழில் இருந்தன. காலப்போக்கில் அது அவர்கள் ஊராகிவிட்டது. ஆகவே ஒருவர் "இங்கேயே இருக்கிறேன்" என்றால் அது எப்போதும் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. அது அச்சத்தால் வந்த சொல்லா, ஆழ்ந்து தேர்ந்தெடுத்த சொல்லா என்று பார்க்க வேண்டும்.

தள்ளியும் விடக்கூடாது, விட்டும் விடக்கூடாது

அப்படியானால் என்ன செய்யலாம்? கட்டாயமாக வெளியே அனுப்பிவிடலாமா? அமெரிக்காவில் ஏறக்குறைய அதுதான் நடந்தது. 1955இல் அங்குள்ள அரசு மனநல மருத்துவமனைகளில் 5 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அடுத்த நாற்பது ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 1 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஆனால் வெளியே போதிய வீடும் கவனிப்பும் ஏற்படுத்தித் தரப்படவில்லை. பலர் தெருவில் படுத்தார்கள், சிலர் சிறையில் முடிந்தார்கள்.

சரி, 'அவர்தான் வேண்டாம் என்கிறாரே' என்று விட்டுவிடலாமா? அதுவும் தவறுதான். முப்பது ஆண்டுகளாக ஒரே உணவு சாப்பிட்டவரிடம், பார்த்தே இராத ஒரு பழத்தைக் காட்டி, "பிடிக்குமா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? விருப்பம் என்பது அனுபவத்திலிருந்து பிறப்பது.

லண்டனில் பிரையர்ன், கிளேபரி என்ற இரு பெரிய மனநல மருத்துவமனைகளை மூடியபோது, ஜூலியன் லெஃப் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு 1985 முதல் 600க்கும் மேற்பட்ட நீண்டகால நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. அவர்களைத் தெருவில் விடாமல், பணியாளர்களோடு கூடிய சிறு வீடுகளில் குடியமர்த்தினார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தால், நோய் பெரிதாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் நண்பர்கள் கிடைத்திருந்தார்கள், அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் வளர்ந்திருந்தது. பெரும்பாலோர் மருத்துவமனைக்குத் திரும்ப விரும்பவில்லை.

தமிழ்நாட்டில் இன்னும் அழகான ஒரு முயற்சி நடக்கிறது. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள் 1993இல் சென்னையில் 'தி பான்யன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பான்யன் என்றால் ஆலமரம். தெருவில் தவித்த, மனநோயுள்ள பெண்களுக்கு அது அடைக்கலம் தந்தது. பலர் குணமாகிக் குடும்பத்தோடு சேர்ந்தார்கள். ஆனால் குடும்பமே இல்லாதவர்கள்? அவர்களுக்காக 2015இல் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டம் வந்தது. விடுதியில் நட்பானவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் குடியிருப்பார்கள். துணைக்கு ஒரு பணியாளர் இருப்பார். என்ன சமைப்பது, எந்தக் கடையில் வாங்குவது, பொங்கலுக்கு என்ன கோலம் போடுவது என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்கிறார்கள். கவனித்தீர்களா? உறவை இழக்க வேண்டியதில்லை, நண்பர்களோடு சேர்ந்தே வெளியேறுகிறார்கள். முதலிலும் ஐந்தாவதாகவும் நாம் பார்த்த காரணங்களுக்கு ஒரே தீர்வு!

சிறு பொறுப்புகூட எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு 1976இல் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் நடந்த சோதனை நல்ல எடுத்துக்காட்டு. எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் ஒரு மாடியில் இருந்தவர்களிடம், "உங்கள் வாழ்க்கை உங்கள் பொறுப்பு" என்று எடுத்துச் சொல்லி, ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி உண்டு, ஆனால் தண்ணீர் ஊற்றுவது பணியாளர்கள். மூன்று வாரங்களில் முதல் மாடியினர் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். சுங்கை பூலோ பூச்செடிகளை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டிலும் நிலைமை மாறிவருகிறது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2001இல் மனநலச் சட்டம் இயற்றப்பட்டு, 2010இல் நடைமுறைக்கு வந்தது. சமூக மனநல மையங்களுக்கு அது வழி செய்தது. அவற்றுக்கு 'மெந்தாரி' என்று பெயர். மருந்து தருவதோடு வேலை தேடிக்கொள்ளவும் இம்மையங்கள் உதவுகின்றன. முன்போல் முதல் நாளிலேயே தொலைதூர மருத்துவமனைக்குப் போய்ப் பல்லாண்டுகள் தங்கும் தேவை இன்று குறைவு. சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால், பள்ளிக்கும் வேலைக்கும் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். உங்களுக்கோ நண்பருக்கோ மனம் சரியில்லை என்று தோன்றினால் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வியை மாற்றிக் கேட்போம்

நம் கற்பனைப் பெரியவரிடம் திரும்புவோம். "வெளியே போக விருப்பமா?" என்பது அவருக்கு மிகப் பெரிய, வெறுமையான கேள்வி. அதற்குப் பதிலாக, "நாளைக்கு வாசலுக்கு வெளியே இருக்கும் கடையில் டீ குடிக்கலாமா?" என்று கேட்கலாம். அடுத்த வாரம் அவரே காசு கொடுக்கலாம். அடுத்த மாதம் பக்கத்துக் கட்டில் நண்பரோடு ஒரு நாள் ஒரு வீட்டில் தங்கிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்று உறுதி சொல்லலாம். இத்தனைக்கும் பிறகு அவர் என்ன சொல்கிறாரோ, அதுதான் அவருடைய உண்மையான விருப்பம்.

இதில் மருத்துவர்கள் செய்ய முடியாத ஒரு வேலையும் இருக்கிறது. அந்த டீக்கடையில் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கப் போவது நாம்தான். அங்கே நம் வாயிலிருந்து வரும் சொல் அவரை இன்னொரு டீ வாங்கவும் வைக்கலாம், எழுந்து திரும்பிப் போகவும் வைக்கலாம். மருத்துவமனைக் கதவின் ஒரு பாதி உள்ளே இருக்கிறது. மறுபாதி நம் கையில் இருக்கிறது.

இந்த வாரச் செயல்பாடு

தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா, பாட்டி அல்லது அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள்: லயனை விட்டு வெளியேறிய நாளில் எதை எண்ணி அதிகம் தயங்கினீர்கள்? புதிய வீட்டில் மனம் ஒட்ட என்ன உதவியது? அவர் சொல்வதை எழுதிக்கொண்டு, மேலே கண்ட ஐந்து காரணங்களில் எவற்றோடு பொருந்துகிறது என்று பாருங்கள். ஆறாவது காரணம் ஒன்று கிடைத்தால் அதை வகுப்பில் ஆசிரியரோடும் நண்பர்களோடும் பேசிப் பாருங்கள்.